அரிதான பழைய உலகப் படங்களை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வெள்ளவத்தை வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டாக நானும் ஓய்வுபெற்ற என் தந்தையாரும் ஞாயிறுதோறும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பழைய வெளிநாட்டுப் படம் பார்த்து வருகிறோம். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’, ‘பதேர் பாஞ்சாலி’, ‘டோக்கியோ ஸ்டோரி’ என்று எல்லோரும் சொல்லும் படங்களை முடித்துவிட்டோம். முன்பு இத்தகைய படங்களின் இறுவட்டுகளை வைத்திருந்த காலி வீதிக் கடைகளில் இப்போது கைத்தொலைபேசி உறைகள்தான் தொங்குகின்றன. இணையத்திலோ, எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே முப்பது, நாற்பது பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த வட்டத்துக்கு வெளியே உள்ள, குறிப்பாகக் குடும்பத்தையும் வறுமையையும் இடப்பெயர்வையும் பேசும் படங்களை எப்படிக் கண்டடைவது என்பது என் முதற் கேள்வி.

இரண்டாவது கேள்வி மொழி பற்றியது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் திரையில் ஓடும் வேகத்துக்கு வாசிக்க முடிவதில்லை. சென்ற மாதம் 1961ஆம் ஆண்டின் கொரியப் படமான ‘ஓபல்தான்’ படத்தை திரையின் கீழே ஓடும் யூடியூபின் தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பு வரிகளுடன் பார்த்தோம். பல்வலிக்கு வைத்தியம் பார்க்கவும் வழியில்லாத ஓர் எழுதுவினைஞரின் குடும்பக் கதை அது. கொரியாவின் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அவருடைய தாய், சித்தம் கலங்கிப் படுக்கையில் கிடந்தபடி ‘கஜா!’ என்று இடைவிடாமல் கத்துகிறார். ‘போவோம்’ என்பதே அதன் பொருள். தமிழ் வரியில் அது ஓரிடத்தில் ‘வாருங்கள் செல்லலாம்’ என்றும், இன்னோரிடத்தில் ‘விட்டுவிடுங்கள்’ என்றும் வந்தது. அலுவலகத்தில் எழுதுவினைஞரும் மேலதிகாரியும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றே விளித்துக்கொண்டனர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வரிகளை நிறுத்தச் சொல்லி, மீதிப் படத்தை அப்படியே பார்த்தார்.

இவ்விரண்டுக்கும் வழி தெரிந்தவர்கள் கூறுவீர்களா?

கொட்டாஞ்சேனையான்:

வணக்கம். தங்கள் முதற் கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும். பட்டியல்களை நம்புவதைக் காட்டிலும், பழைய படச்சுருள்களைப் பாதுகாத்து மீட்டெடுக்கும் நிறுவனங்களின் பெயர்களைப் பின்தொடர்ந்து செல்வதே என் அனுபவத்தில் பயன் தந்தது. தாங்கள் அறியாமலே அந்த வழியில் ஏற்கெனவே கால் வைத்துவிட்டீர்கள். ‘ஓபல்தான்’ வெளியான ஆண்டிலேயே தென் கொரியாவில் இராணுவப் புரட்சி நடந்து, படம் தடைசெய்யப்பட்டது. பின்னர் சான் பிரான்சிஸ்கோ திரைப்பட விழாவுக்கென ஆங்கில வரிகள் பதித்து அனுப்பப்பட்ட பிரதியின் வழியாகவே அது நமக்கு எஞ்சியிருக்கிறது. கொரியத் திரைப்பட ஆவணக்காப்பகம் இப்படிப்பட்ட பழைய படங்கள் பலவற்றை ஆங்கில வரிகளுடன் யூடியூபில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்த ஓர் அலைவரிசையே தங்களுக்கு ஈராண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போதும். சோவியத் படங்களுக்கு மோஸ்ஃபில்ம் கலையகத்தின் அலைவரிசையைப் பார்க்கலாம். 1958இல் கான் விழாவின் முதற்பரிசைப் பெற்ற ‘தி க்ரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்’ படத்திலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி 2007இல் தொடங்கிய உலகத் திரைப்பட மீட்புத் திட்டம். வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘தித்தாஸ் ஏக்தி நதீர் நாம்’, தைவான் இயக்குநர் எட்வர்ட் யாங்கின் ஏறக்குறைய நான்கு மணிநேரம் ஓடும் ‘எ பிரைட்டர் சம்மர் டே’ ஆகியவற்றை நல்ல பிரதியில் பார்க்க முடிவது அத்திட்டத்தால்தான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஈரானியப் படமான ‘செஸ் ஆஃப் த விண்ட்’. 1976இல் மொஹம்மத் ரேசா அஸ்லானி எடுத்த அப்படம், 1979 புரட்சிக்குப் பின் தடைசெய்யப்பட்டு, அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. 2014இல் தெஹ்ரானின் பழம்பொருட்கடை ஒன்றில் இயக்குநரின் மகன் கண்ணில் அதன் நெகட்டிவ் பட்டது. பாரிசுக்கு அனுப்பி மீட்டெடுத்து, 2020இல் மீண்டும் திரையிட்டார்கள். சொத்துக்காக ஒரே வீட்டுக்குள் ஒருவரையொருவர் வேட்டையாடும் கதை. இருட்டும் விளக்கொளியுமாக நகரும் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்து வீணாக்கிவிடாதீர்கள்.

இன்னொரு சிறு வழியும் உண்டு. பிடித்த படத்துக்கு எது முன்னோடி என்று பின்னோக்கிப் போங்கள். ‘டோக்கியோ ஸ்டோரி’க்குத் தூண்டுதலாக இருந்தது 1937இல் வந்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்ற அமெரிக்கப் படம். வீட்டை இழந்த முதிய தம்பதியரைப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்து வைத்துக்கொள்ளும் கதை என்பதால், அப்பாவுடன் பார்ப்பதா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளை ஆசிரியை:

தங்கள் இரண்டாவது கேள்விக்கு: நாமே எழுதிக்கொள்வதுதான் வழி, அது நினைப்பதுபோல் கடினமன்று. நான் என் மாமியாருக்காக இதுவரை ஆறு படங்களுக்கு, வீட்டுப் பாவனைக்கு மட்டும், தமிழ் வரிகள் எழுதியிருக்கிறேன். எஸ்.ஆர்.டி. எனப்படும் கோப்பு வெறும் எழுத்துக்கோப்புத்தான். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணும், தோன்றும் நேரமும் மறையும் நேரமும், கீழே வசனமும் இருக்கும். நேரங்களைத் தொடாமல் ஆங்கில வசனத்தை அழித்து அவ்விடத்தில் தமிழை எழுதி, தமிழ் எழுத்துகளை ஏற்கும் யூ.டி.எஃப்-8 குறியீட்டு முறையில் சேமித்து, படக்கோப்புக்கு உள்ள அதே பெயரை இட்டு அருகில் வைத்தால் படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி. தானாகவே எடுத்துக்கொள்ளும். சேமிக்கும் முறையைக் கவனிக்காமல் என் முதற் படம் முழுவதும் கேள்விக்குறிகளாகவே ஓடியது. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 42 எழுத்துகள் வரை வைப்பார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் நான் 30க்கு மேல் போவதில்லை. ஆகவே முழுவதையும் மொழிபெயர்க்க இயலாது, சுருக்கத்தான் வேண்டும்.

உண்மையான சிரமம் முறைச்சொற்களில் இருக்கிறது. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் போரில் கணவனை இழந்த மருமகள் நொரிகோ, மாமனாரை ஜப்பானிய மொழியில் ‘அப்பா’ என்றே அழைக்கிறாள். நம் வழக்கப்படி ‘மாமா’ என்று எழுதினேன், இயல்பாகத்தான் இருந்தது. ஆனால் இறுதியில் அந்த முதியவர், தாம் பெற்ற பிள்ளைகளைவிட உறவென்று சொல்ல முடியாத நீயே எங்களுக்கு அதிகம் செய்தாய் என்ற பொருளில் சொல்லி, இறந்த மனைவியின் கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுக்கிறார். அதுவரை அவள் ‘மாமா, மாமா’ என்று அழைத்துக்கொண்டிருந்தால் அவர் சொல்வதில் வியப்பு ஏது? ‘அப்பா’ என்று அழைத்தவளிடம் சொல்லும்போதுதான் அந்தச் சொல் கனக்கிறது. எனவே முதலிலிருந்து எல்லாவற்றையும் ‘அப்பா’ என்று மாற்றினேன். பத்து நிமிடம் குழம்பிய மாமியார் பிறகு பழகிக்கொண்டார்.

பொரளை பழசு:

கொட்டாஞ்சேனையார் சொன்னது சரி. ஆனால் தெஹ்ரானும் சியோலும் கண்ணில் படுகிற அளவுக்கு நம் காலடியில் உள்ள இலங்கைப் படங்கள் கண்ணில் படுவதில்லை என்பது என் குறை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’ 1965இல் புதுதில்லி விழாவில் தங்க மயில் விருதை வென்றது. அவருடைய ‘நிதானய’ மீட்டெடுக்கப்பட்டு 2013இல் வெனிஸிலும், சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமாய்’ 2025இல் கானிலும் திரையிடப்பட்டன. தமிழில், தர்மசேன பத்திராஜ 1970களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’யைத் தங்கள் தந்தையார் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். சீதனத்தையும் சாதியையும் அத்தனை அடங்கிய குரலில் பேசிய ஈழத் தமிழ்ப் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் காப்பகம் காப்பாற்றிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1983 யூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்தே எரிந்தன. அவற்றை எந்தப் பழம்பொருட்கடையிலும் யாரும் கண்டெடுக்கப் போவதில்லை.

கொழும்பிலேயே பார்க்க விரும்பினால், அலியான்ஸ் பிரான்சேஸ், கோத்தே நிறுவனம் ஆகியவற்றின் திரையிடல் அறிவித்தல்களைக் கவனித்துவாருங்கள்.

வெள்ளவத்தை வாசகன்:

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அவர்களின் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் காலை ஒரு கொப்பி வாங்கி வந்து, ‘ஓபல்தான்’ஐ முதலிலிருந்து போடச் சொன்னார். நான் ஆங்கில வரியை நிறுத்தி நிறுத்தி வாசிக்க, அவர் தமிழில் எழுதுகிறார். இரண்டு மாலைகளில் பதினொரு நிமிடம் முடிந்திருக்கிறது. அந்தத் தாயின் கூக்குரலுக்கு ‘போவோம்’ என்பதை அவர் ஏற்கவில்லை. அடித்துவிட்டு ‘வீட்டை போவம்’ என்று எழுதியிருக்கிறார். எழுத்துத் தமிழில் மற்ற வசனங்கள் இருக்க, இது ஒன்று மட்டும் பேச்சுத்தமிழில் வருவது பொருந்துமா என்று கேட்டேன். படுக்கையில் கிடக்கிற மனுசி இலக்கணம் பார்த்துக் கத்துமா என்று திருப்பிக் கேட்டார்.

‘பொன்மணி’யை அவர் வெளிவந்த காலத்திலேயே பார்த்திருக்கிறாராம். பிரதி எங்கேனும் பார்க்கக் கிடைக்குமானால் பொரளை ஐயா தெரியப்படுத்துவாரா?