பாண்டியர் காசில் பச்சைப் பொடி: என்ன செய்யலாம்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். ரொம்ப நாளாக ஏங்கிக் கிடந்த சங்ககாலப் பாண்டியர் சதுரச் செம்புக் காசு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு பெரியவரிடம் ரசீதோடு வாங்கினேன். ஒரு பக்கம் யானை. தும்பிக்கை வளைவுகூடத் தேயவில்லை. மறுபக்கம் கோடுகளாலேயே ஆன மீன் சின்னம். பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை.

கவலை என்னவென்றால், யானையின் காலடியில் வெளிர்பச்சைப் பொடி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. கெட்டியான கரும்பச்சைப் படலம் இருந்துவிட்டுப் போகட்டும், அது காசைக் காக்கும். இந்தப் பொடி குளோரைடு அரிப்போ, அதாவது உப்பு ஏறிச் செம்பைத் தின்னும் நோயோ என்றுதான் பயம். ஈரம் பட்டால் பரவுமே! தயவுசெய்து புளி, எலுமிச்சை மட்டும் சொல்லாதீர்கள், உருவமே போய்விடும். இப்போதைக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். அந்த உப்பு வெளியேறக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துச் சரிசெய்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் ஊறவேண்டும், அப்புறம் எப்படி உலர்த்துவது? ஐப்பசி மழைக்குள் சொன்னால் நல்லது. திருநெல்வேலிப் பக்கம் நேரில் பார்த்துச் சொல்பவர் இருந்தால் கொண்டுவருகிறேன்.