அப்பாவின் மரணம் கொரோனரிடம் போனபோது

இப்போது யாராவது இந்த நிலைமையில் இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

போன வருடம் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் விசாவில் வந்து லண்டனில் எங்களோடு நின்றவர். மூன்றாவது கிழமை, விடியப்புறம் தேத்தண்ணியோடு அறைக்குள் போனேன். அப்பா எழும்பவில்லை. 999 அடித்தோம். அம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்று சொன்ன கையோடு பொலிசுக்கும் அறிவித்தார்கள். வாசலில் இரண்டு பொலிஸாரைக் கண்டதும் எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. எங்கள் மேல் ஏதோ சந்தேகம் என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. வீட்டில் ஒருவர் எதிர்பாராமல் இறந்தால் இங்கே அவர்கள் வருவது வழமை. இந்த நாட்டில் அப்பாவைப் பார்த்த டொக்டர் ஒருவரும் இல்லை. அதனால் மரணத்துக்குக் காரணம் எழுதித்தர ஆளில்லை, விஷயம் கொரோனரிடம், அதாவது காரணம் தெரியாத மரணங்களை விசாரிக்கும் இங்கத்தைய அதிகாரியிடம், போய்விட்டது.

அப்பாவின் குளிசைகள் எல்லாம் ஊரில் கொடுத்த சின்னக் கடதாசி உறைகளில் இருந்தன. மேலே "காலை 1, இரவு 1" என்று பேனையால் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பொலிஸ் பிள்ளை ஒவ்வொரு உறையாக எடுத்து, இது எதற்கு, இது எதற்கு என்று பொறுமையாகக் கேட்டு எழுதினா. பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிடுகிறவர்கள் தயவுசெய்து அவர்களுடைய கிளினிக் கொப்பியை ஒரு படமாவது எடுத்து போனில் வைத்திருங்கள்.

கொரோனரை நாங்கள் கடைசிவரை காணவில்லை. எங்களோடு கதைத்தது கொரோனர்ஸ் ஒஃபிசர் ஒருவர். பிரேத பரிசோதனைக்கு எங்கள் சம்மதம் தேவையில்லை, கொரோனர் உத்தரவிட்டால் போதும் என்று அவர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டா. ஆனால் எங்கே, எப்போது செய்கிறார்கள் என்று கேட்டு அறியலாம், எங்கள் சார்பில் ஒரு டொக்டரை அனுப்பவும் உரிமை இருக்கிறது. வெட்டாமல் ஸ்கான் மூலம் பார்க்கும் வசதியும் சில இடங்களில் உண்டு. அதற்குக் காசு கட்ட வேண்டி வரலாம், காரணம் பிடிபடாவிட்டால் பிறகு வெட்டவும் கூடும். எங்களுக்கு அது சரிவரவில்லை. கேட்பதென்றால் முதல் போனிலேயே கேளுங்கள். திசு மாதிரி எடுத்தால் அதைத் திருப்பித் தருவதா, அவர்களே அகற்றுவதா, வைத்திருப்பதா என்றும் கேட்பார்கள். அந்த நேரம் வாய் வராது. வீட்டில் முதலே கதைத்து வையுங்கள்.

ஊரிலிருந்து போனுக்கு மேல் போன். "ஏன் பிள்ளை இன்னும் எடுக்கேல்லை?" என்று பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்து, பெரும்பாலும் அன்றோ மறுநாளோ பிரேதம் வீட்டுக்கு வந்துவிடும். இங்கே பன்னிரண்டு நாள் போனது. அந்தத் தொல்லை தாங்காமல் நான் ஹோலையும் ஐயரையும் முதலே பதிந்து, பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். கொரோனர் விடுவிக்கிறார் என்று ஒஃபிசர் வாயால் சொல்லும்வரை நாள் குறிக்காதீர்கள். 28 நாளுக்குள் விட முடியாவிட்டால் காரணத்தைக் குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி.

இதயக் குழாய் அடைப்பு, இயற்கை மரணம் என்று முடிவு வந்தது. அதனால் இன்குவெஸ்ட், அதாவது கொரோனர் மன்றில் நடக்கும் மரண விசாரணை, இல்லை. பதிவாளருக்கும் தகனத்துக்கும் வேண்டிய பத்திரங்களை கொரோனர் அலுவலகமே அனுப்பிவிட்டது.

ஒன்றை மட்டும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவைக் குளிப்பாட்ட நானும் தம்பியும் போனோம். துணியை விலக்கியதும், நெஞ்சிலிருந்து கீழே நீளத்துக்குத் தைத்திருந்தது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான். பிறகு எழும்பி வந்து, அந்தத் தையலுக்கு மேலால் கையை வைத்து மறைத்துக்கொண்டே தண்ணீர் வார்த்தான். குளிப்பாட்டி வேட்டி கட்டப்போகிறோம் என்று இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் பியூனரல்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உள்ளே போகிற பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

பதில்:

வாசித்து மனம் கனத்துவிட்டது அக்கா. எங்கள் வீட்டில் இன்குவெஸ்ட் வரை போனது. என் தம்பி சைக்கிளில் வேலைக்குப் போகும்போது கார் அடித்து இறந்தவன். ஓட்டியவர் மேல் வழக்குப் போட்டால் இன்குவெஸ்ட் நிறுத்தி வைக்கப்படும் என்றார்கள். வழக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி இருந்தாலும் எங்களுக்கு எட்டு மாதமானது. அதுவரை முழு மரணச் சான்றிதழ் கிடையாது. இடைக்காலச் சான்றிதழ் ஒன்று கேட்டு வாங்கினோம், வங்கி வேலைகள் அதோடுதான் நடந்தன.

அம்மா இன்குவெஸ்டுக்குப் போனது யாரில் பிழை என்று கேட்க. கொரோனரோ தொடங்கும்போதே சொல்லிவிட்டார்: யார் இறந்தார், எங்கே, எப்போது, எப்படி என்ற நான்கைத்தான் அந்த மன்று பார்க்கும், யாரையும் குற்றவாளி என்று தீர்க்காது. இதை அம்மாவுக்கு முதலே விளங்கவைக்காதது என் தவறு. சாட்சியங்களின் பிரதிகளைக் கேட்டால் குடும்பத்துக்குத் தருவார்கள். தம்பியின் படங்கள் உள்ள பக்கங்களைத் தனியாக மூடித் தரச் சொன்னேன், அப்படியே தந்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் முதலே கேட்டதால்தான் வந்தார். வாசலில் கொரோனர்ஸ் கோர்ட்ஸ் சப்போர்ட் சேர்விஸ் தொண்டர் ஒரு அம்மா நின்றவ. எங்கே இருப்பது, எப்போது எழும்புவது என்று காட்டி, இடைவேளையில் எங்களோடேயே இருந்தா. பத்திரிகைக்காரரும் வரலாம், அதற்கும் மனதைத் தயார் செய்யுங்கள்.

சாட்சிகளிடம் குடும்பம் கேள்வி கேட்கலாம். நான் வேக அளவு, லைட் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். அம்மா அம்புலன்ஸில் வந்த சாட்சியைப் பார்த்து ஒன்றுதான் கேட்டா: "என்ர பிள்ளை நோவிலே கிடந்தவனோ?" மொழிபெயர்த்து முடியும்வரை அந்தப் பெடியன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, நாங்கள் வந்தபோது அவருக்கு நினைவில்லை, நாங்கள் அவரோடு கதைத்துக்கொண்டே இருந்தோம், தனிய விடவில்லை என்றான். தாளில் நான் எழுதி வைத்ததை மடித்து வைத்துவிட்டேன்.

பதில்:

நன்றி தம்பி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தனியாகக் கேட்டிருந்தவருக்கு: ஓம், பிரேதத்தை ஊருக்கு அனுப்பலாம். ஆனால் இங்கிலாந்தைவிட்டு வெளியே கொண்டுபோக கொரோனருக்கு அறிவித்து அவருடைய பத்திரம் வாங்க வேண்டும், இயற்கை மரணம் என்றாலும். அதை பியூனரல்காரர் செய்வார். நாங்கள் இங்கேயே தகனம் செய்து, சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோனோம். பொலிஸ் எடுத்துப்போன மருந்து உறைகளைத் திருப்பித் தந்தார்கள். அம்மா அதை எறிய விடவில்லை, சாமியறையில் இருக்கிறது.