25 கிலோ அரிசிக்கு வரி: கை தூக்கியது யார்?

அரிசிக்கடைக்காரன்: "ஜிஎஸ்டி சீர்திருத்தம் வந்தபின் ஏழை வீட்டுச் சாப்பாட்டில் வரியே இல்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். 22 செப்டம்பர் 2025 முதல் பரோட்டா பாக்கெட்டுக்கு 18 சதவீதம் போய்விட்டது, சரி. 25 கிலோ அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீதம் அப்படியேதானே இருக்கிறது? 1,500 ரூபாய் சிப்பத்துக்கு 75 ரூபாய். 26 கிலோ மூட்டை என்றால் வரி இல்லை! இது என்ன கணக்கு?

நெல்லைத்தாமரை: எழுதியது நான்தான். அளந்து வாங்கும் அரிசிக்கு வரி கிடையாது, அண்ணாச்சி. அப்புறம், 2022 ஜூனில் சண்டிகரில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தில் (வரியை முடிவுசெய்யும் மத்திய, மாநில அமைச்சர்கள் குழு) எல்லா மாநிலங்களும் சம்மதித்துத்தான் இந்த வரி முடிவானது என்று நிர்மலா சீதாராமன் அப்போதே சொன்னாரே, அதில் தமிழ்நாடும் உண்டு. உங்கள் ஆட்கள் கை தூக்கிவிட்டு இங்கே வந்து அழுவானேன்?

உதயசூரியன்77: மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு ஒன்றியத்தின் கையில். தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். எதிர்த்து என்ன ஆகப் போகிறது?

நெல்லைத்தாமரை: 2019இல் லாட்டரி வரிக்குக் கேரளா வாக்கெடுப்பு கேட்டதே! நீங்கள் ஏன் கேட்கவில்லை?

உதயசூரியன்77: கேட்ட கேரளா தோற்றது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரிசிக்கடைக்காரன்: ஓட்டுக் கணக்கு இருக்கட்டும். 26 கிலோ கேள்விக்குப் பதில் எங்கே? ஆலையிலிருந்து 26 கிலோ என்று அச்சடித்த பை வந்து இறங்குகிறது. மொத்தமாக வாங்க முடிந்தவர் வரியில்லாமல் தூக்கிப் போகிறார். ஐந்து கிலோ பை வாங்கும் அம்மா வரி கட்டுகிறார்.

இரட்டைஇலை_சேலம்: 2016இல் ஜெயலலிதா அம்மா இருந்தபோது மாநிலங்களவையில் ஜிஎஸ்டியை எதிர்த்து வெளிநடப்பு செய்த கட்சி எங்கள் கட்சி ஒன்றுதான்.

உதயசூரியன்77: 2017 ஜூனில் சட்டமன்றத்தில் அதே ஜிஎஸ்டியை நிறைவேற்றியது யார் ஆட்சி? எடப்பாடி ஆட்சிதானே?

இரட்டைஇலை_சேலம்: போன வருஷம் பெட்ரோல் விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியவர்தானே நீங்கள்? இன்னும் மறக்கவில்லை.

உதயசூரியன்77: ஓடியது நீங்கள். பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் மாநிலத்துக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

நெல்லைத்தாமரை: அளந்து வாங்கினால் வரி இல்லை. எத்தனை தடவை சொல்வது?

அரிசிக்கடைக்காரன்: ஐந்து கிலோ பையில் அடைத்து வருவதை எப்படி ஐயா அளந்து கொடுப்பேன்? பையைக் கிழித்தா? முப்பது வருஷமாகத் தராசு பிடித்தவனுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். ஜிஎஸ்டிக்கு முன்னால் வாட் வரி இருந்தபோது அரிசிக்கு வரி இல்லை. 2017இல் பதிவுசெய்த பிராண்டுக்கு மட்டும் போட்டார்கள், பலர் பிராண்டையே விட்டார்கள். 2022இல் 25 கிலோ வரை அச்சடித்த பை எல்லாவற்றுக்கும் போட்டார்கள். இப்போது 26 கிலோ. பரோட்டாவுக்கு விலக்கு கொடுத்த கை அரிசிக்கு ஏன் வரவில்லை?

நெல்லைத்தாமரை: அதை 2022இல் உங்கள் நிதியமைச்சராக இருந்தவரிடம் கேளுங்கள். கை தூக்கியவர் அவர்தான்.

அரிசிக்கடைக்காரன்: என் கேள்வி 26 கிலோ.