அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலியா?

போன மாசம் நம்ம களியக்காவிளை பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துல நடந்தது. உபதேசியார் பைபிள்ல மத்தேயு 20ஆம் அதிகாரம் எடுத்தாரு, திராட்சத் தோட்டத்து கூலிக்காரங்க கதை. தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன், தோட்டக்காரர் விடியக்காலைல ஆள் கூப்பிடுறாரு, பெறவு ஒம்பது மணி, உச்சி, மூணு மணி, கடைசியா சாயங்காலம் அஞ்சு மணிக்கும் போய் சும்மா நிக்கவங்கள கூட்டிட்டு வாறாரு, பொழுது சாஞ்சதும் எல்லாருக்கும் ஒரே கூலி, அதுவும் கடைசில வந்தவனுக்குத்தான் முதல்ல. காலைல இருந்து வெயில் கொண்டவன் முறுமுறுக்காம இருப்பானா?

அங்க ஒரு சபை மூப்பர், எங்க சொந்தக்காரருதான், இது நியாயமே இல்லன்னுட்டாரு. இப்படி குடுத்தா நாளைக்கு எவன் காலைல வருவான்னு கேட்டாரு. ரப்பர் தோட்டம் வெச்சு ஆளுக்கு கூலி குடுக்கிறவரு, அவருக்கு அப்படித்தானே தோணும்.

அப்போ பின்னால பாய்ல இருந்த ஒரு அண்ணன் வாயத் தொறந்தாரு. கொத்தனாருக்கு கையாள் வேலை, காலைல ஜங்ஷன்ல நின்னு யாராவது கூப்பிட்டா பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு போறவரு, சபைக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. "மூப்பரே, வேலை செய்யது கஷ்டமில்ல, நிக்கதுதான் கஷ்டம். ஆறு மணிக்கு போனவனுக்கு இன்னைக்கு வீட்டுல அரிசி உண்டுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு, பெறவு வெயிலாவது ஒண்ணாவது. எவனும் கூப்பிடாதவன் பொதிச்சோற பிரிக்காம கொண்டு போய் கட்டிக் குடுத்தவ கைலயே குடுக்கணும், அத ஒரு நாள் செஞ்சு பாருங்க"ன்னாரு. மூப்பர் ஒண்ணும் பேசல, அந்த நேரம் பாத்து கட்டஞ்சாயாவும் பழபஜ்ஜியும் வந்துது, நல்லவேளை.

எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கேன், யாரும் இத சொல்லி கேட்டதில்ல. அந்தக் காலத்துல ஒரு நாள் கூலிங்கிறது ஒரு வெள்ளிக்காசு, அதுல பாதிய குடுத்தா வீட்டுல பாதி வயிறுதான். இயேசு சொல்லிக் குடுத்த ஜெபத்துலயும் இன்னைக்கு வேண்டிய ஆகாரத்த தாரும்னுதானே இருக்கு, உழைச்ச அளவுக்கு தாரும்னு இல்லையே. இன்னொண்ணு, இந்தக் கதை சும்மா வரல, அதுக்கு முந்தின அதிகாரத்துல இயேசுவோட சீஷன் பேதுரு நாங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோமே எங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேக்காரு, அதுக்கு பதிலாத்தான் இது வருது. சிலுவைல தொங்குன கள்ளனுக்கு இன்னைக்கே நீ என்கூட பரதீசுல இருப்பன்னு சொன்னதும் இதே கணக்குதான், அவன் எந்தத் தோட்டத்துல வேலை பாத்தான் சொல்லுங்க?

எங்க பக்கத்து பழைய குடும்பங்களுக்கு இது கசக்கத்தான் செய்யும். ரிங்கல்தௌபே மிஷனரி 1806ல மைலாடிக்கு வந்த காலத்துலயே நாங்க கிறிஸ்தவங்கன்னு கல்யாண வீட்டுல கூட சொல்லிக்கிறவங்க, நேத்து வந்தவன் சபை கமிட்டில நின்னா மூஞ்சிய தூக்குறவங்க. பிந்தினோர் முந்தினோராவாங்கன்னு வசனத்த மட்டும் மனப்பாடமா ஒப்பிப்பாங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரி வசூலிக்கிற சகேயு பகுதின்னு உபதேசியார் சொல்லியிருக்காரு, ஆஸ்தில பாதிய ஏழைகளுக்கு குடுத்து, அநியாயமா வாங்குனத நாலு மடங்கா திருப்பித் தாறேன்னவரு. வட்டிக்கு விடுற ரெண்டு பேர் எங்க கூட்டத்துல உண்டு, என்ன நடக்குன்னு வந்து சொல்றேன்.