தெரு சினிமா வட்டம்: ஞாயிறு படத்துக்கான குறிப்பு

கவிதா: ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு எழுதினது: “யசுஜிரோ ஓசுவின் 1953 படம். ஒனோமிச்சியில் இருந்து டோக்கியோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் வயதான தம்பதி. ஊர் திரும்பியதும் அம்மா இறந்துவிடுகிறார். மனதை உருக்கும் மெதுவான காவியம்.” சரியா?

முருகேசன் சார்: மூணாவது வரிய எடுத்துடும்மா. முடிவு தெரிஞ்சு உட்கார்ந்தா, எல்லாரும் அதுக்கே காத்திருப்பாங்க. ‘மனதை உருக்கும்’னு எந்தப் படத்துக்கும் எழுதலாம். கண்ணுக்குத் தெரியறதை எழுது. பார்லர் வச்சிருக்கிற மகள் வீட்ல, அவ புருஷன் மாமனார் மாமியாருக்குன்னு கேக் வாங்கிட்டு வருவார். இவ்ளோ விலையில எதுக்குன்னு சொல்லிட்டு மகளே எடுத்துத் தின்பா. நோரிகோ இருக்கிறது ஒரே ரூம். மாமனார் வந்ததும் பக்கத்து வீட்ல சாக்கேங்கிற அரிசி மது கடன் வாங்குவா, ஊத்திக் குடிக்கிற குப்பி கிண்ணமும் அங்கேயேதான் வாங்குவா. இந்த ரெண்டையும் அடுத்தடுத்து எழுது, ‘உருக்கும்’ங்கிற வார்த்தையே வேண்டாம்.

ரஹீம் பாய்: நோரிகோ யாருன்னும் ஒரு வரி போடுங்க. போர்ல போன ரெண்டாவது மகனோட மனைவி. அது தெரியாதவங்க அவளையும் மகள்னு நினைச்சுக்குவாங்க, அப்புறம் கடைசி அரை மணி நேரம் புரியாது.

கவிதா: சரி பாய். கேமரா பத்தி? பாயில உட்கார்ந்தவங்க கண் உயரம்னு போடலாமா?

முருகேசன் சார்: எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. பல ஷாட்ல அதைவிடவும் கீழே இருக்கு. ‘தரையை ஒட்டி’ன்னு போடு. ஒன்றிரண்டு இடம் தவிர கேமரா நகராது. பேசறவங்க கிட்டத்தட்ட நம்ம முகத்தைப் பார்த்தே பேசுவாங்க, அதை முன்னாடியே சொல்லிடு. புதுசா பார்க்கிறவங்களுக்கு முதல் 10 நிமிஷம் அதுதான் உறுத்தும். இன்னொண்ணு, அப்பாவா வர்ற சிஷு ரியூவுக்கு அப்போ 49 வயசுதான். முதுகையும் நடையையும் கவனிக்கச் சொல்லு.

தினேஷ்: டிவில படம் பக்கவாட்டுல இழுபடாம 4:3ல வைக்கணும், ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், அதுதான் சரி. மோஷன் ஸ்மூத்திங்கை, அதாவது டிவி தானா நடுவுல ஃப்ரேம் சேர்க்கிறதை, ஆஃப் பண்ணுங்க. இல்லன்னா விசிறி வீசற கையைச் சுத்தி கலங்கித் தெரியும்.

ரஹீம் பாய்: சப்டைட்டில் போகப் போக விலகுதே தம்பி?

தினேஷ்: ஓடுற நேரம் பாருங்க பாய். 136 நிமிஷம் வரணும். 130 சொச்சம் காட்டினா அது நொடிக்கு 25 ஃப்ரேம்ல ஓடுற பிரதி. 24க்குச் செஞ்ச சப்டைட்டில் அதுல ஒரு மணி நேரத்துக்கு ரெண்டரை நிமிஷம் போல பின்தங்கும். அதை முன்னாடி தள்ளி வச்சாலும் நிக்காது, ஃப்ரேம் ரேட்டையே மாத்தணும். எப்பவும் ஒரே அளவு விலகினா மட்டும் தள்ளி வச்சா போதும்.

கவிதா: இடைவேளை எங்க விடலாம் சார்?

முருகேசன் சார்: கடிகாரம் பார்த்து நிறுத்தாதே. அட்டாமிங்கிற கடலோர ஊர்ல, கடல் சுவர்மேல அப்பா அம்மா ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்பாங்க, எழுந்திருக்கும்போது அம்மாவுக்குத் தலை சுத்தும். ஏறக்குறைய பாதி. அவங்க நடந்து போய் முடிஞ்சப்புறம் நிறுத்து.