பாய்மரப் படகில் செயற்கைக்கோள் இணையம்: எந்த ஆன்டெனா பொருந்தும்?

பாய்விரி:
வணக்கம். பதினொரு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் நானும் என் மனைவியும் ஓராண்டுக் கடற்பயணத்துக்கு ஆயத்தமாகி வருகிறோம். கரையை விட்டுச் சிறிது தொலைவு சென்றதுமே கைப்பேசித் தொடர்பு அறுந்துவிடுவதால், வானிலைக் கோப்புகளுக்கும் அலுவலகக் காணொளிக் கூட்டங்களுக்கும் செயற்கைக்கோள் இணையம் தேவைப்படுகிறது. படகில் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இருக்கிறது. கூண்டுக்குள் சுழலும் கிண்ண ஆன்டெனா, ஸ்டார்லிங்க் போன்ற தட்டை ஆன்டெனா ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?

நங்கூரம்:
காணொளிக் கூட்டம் என்று நீங்கள் குறிப்பிட்டதிலேயே பாதி விடை இருக்கிறது. கிண்ண ஆன்டெனாக்கள் பெரும்பாலும் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்களை நோக்குபவை; சமிக்ஞை அங்கே போய்த் திரும்பி, மறுமொழியும் அதே வழியில் வந்துசேர ஏறத்தாழ அரை நொடி பிடிப்பதால், உரையாடலில் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு விழுந்துகொண்டே இருக்கும். அதோடு, படகு ஆட ஆட வானத்தின் ஒரே புள்ளியை விடாமல் குறிவைக்க மோட்டார்கள் வேண்டும். அந்த எடை உங்கள் படகுக்குப் பெருஞ்சுமை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் தாமதம் மிகக் குறைவு. தட்டை ஆன்டெனா தன் அலைக்கற்றையை மின்னணு முறையில் திருப்பிக்கொள்கிறது. ஆனால் அதற்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். பாய்மரமோ பாயோ மறைத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும் என்பதால், படகின் பின்புறச் சட்டத்தில், ராடாரின் கற்றை படாத உயரத்தில் பொருத்துங்கள்.

மின்கணக்கு:
என் கவலை ஆன்டெனாவைப் பற்றியதன்று, பேட்டரியைப் பற்றியது. கருவி 60 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர்; ஒரு நாள் முழுவதும் ஓடினால் 120 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிடக் கூடாது என்பதால், உங்கள் கையில் உண்மையில் இருப்பது 100 மட்டுமே. அதிலிருந்துதான் குளிர்பெட்டியும் விளக்குகளும் ஓட வேண்டும். இன்வெர்ட்டர் வழியாக ஏசி மின்சாரமாக்கினால் மேலும் இழப்பு. நேரடி டிசி மாற்றியைப் பயன்படுத்தி, தேவையான வேளைகளில் மட்டும் இயக்குங்கள். கைப்பேசிகளின் தானியங்கிப் புதுப்பிப்பை முதலில் நிறுத்திவிடுங்கள். தரவைத் தின்பது பெரும்பாலும் அதுதான்.

பாய்விரி:
மிக்க நன்றி. அப்படியானால் பேட்டரியைத்தான் முதலில் பெரிதாக்க வேண்டும். இணையம் இருந்தால் வேறு தொடர்புக் கருவிகள் தேவைப்படாது அல்லவா?

நங்கூரம்:
தேவைப்படும். மின்சாரம் போனால் இணையமும் போய்விடும். தனி பேட்டரியில் இயங்கி, 406 மெகாஹெர்ட்ஸில் ஆபத்துச் செய்தி அனுப்பும் ஈபிர்ப் கருவியும், கடலில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும் விஎச்எஃப் வானொலியும் கட்டாயம் இருக்கட்டும். துருவம் வரை எட்டும் இரிடியம் செயற்கைக்கோள் கைத்தொலைபேசி ஒன்றும் இருந்தால் நல்லது. வேகம் ஆமை நடைதான், ஆனால் சிறிய வானிலைக் கோப்புக்கு அது போதும். இன்னொன்று: தரைக்கான சந்தா நடுக்கடலில் இயங்காமல் போகலாம், அனுமதி தராத நாடுகளின் 12 கடல் மைல் எல்லைக்குள் சேவை கிடைக்காமலும் போகலாம். உங்கள் பயணப்பாதையில் உள்ள ஒவ்வொரு நாட்டையும் சேவை வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே சந்தாவைத் தேர்ந்தெடுங்கள்.