‘முத்தையன்கட்டு வீட்டார்’ குழு, 2025 மே 25 ஞாயிறு இரவு

இரவு 10:18
சித்தப்பா லண்டன்: கோல்ல்ல்ல்
சித்தப்பா லண்டன்: ஒடேகார்ட்!! 89

இரவு 10:27
சித்தப்பா லண்டன்: முடிஞ்சுது. சவுத்தாம்ப்டன் 1, எங்கட ஆர்சனல் 2. உந்தக் கோல் இல்லாட்டி 15ஆவது ட்ரோ
நான்: இங்க படம் 80ஆவது நிமிசத்தில நிண்டது நிண்டதுதான். உங்கட மெசேஜிலதான் கோல் பாத்தனான் சித்தப்பா
சித்தப்பா லண்டன்: முதல் கோல் பாத்தனியே? டியர்னி. செல்ட்டிக்குக்குத் திரும்பிப் போறான், போகேக்க ஒண்டு போட்டிட்டுப் போறான். நல்ல பெடியன்
தங்கச்சி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது
மச்சான்: எங்கட லிவர்பூலின்ர 84 புள்ளியில இருந்து உங்கட 74ஐக் கழிச்சா எவ்வளவு? கணக்குப் படிச்ச ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ
சித்தப்பா லண்டன்: மருமோன் நீ இதுக்குள்ள வராத. இண்டைக்குக் கிறிஸ்டல் பலஸோட நீங்களும் 1-1தான்
மச்சான்: நாங்கள் பிரீமியர் லீக் கப்பை ஏப்பிரல் 27 எடுத்தாச்சு மாமா. ஸ்பர்ஸுக்கு 5 குடுத்து. இண்டைக்கு மேடையில ஏறிக் கையில வாங்கினதுதான்
மாமி வவுனியா: ஆருக்கு 5 குடுத்தனீ? போன மாசம் என்னட்ட வாங்கினதே இன்னும் தரேல்லை
மச்சான்: அம்மா அது கோல். நீங்கள் படுங்கோ
மாமி வவுனியா: சரி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆர் ஆர் வாறியள் எண்டு சொல்லுங்கோ, வான் பிடிக்கோணும்

இரவு 10:34
சித்தப்பா லண்டன்: நான் சொல்லுறன், இந்த வருசம் எங்களைச் சாக்காட்டினது ரெஃபரிமார். 6 சிவப்புக் காட். ஆறு! பிரைட்டனோட ரைஸ் பந்தைக் கொஞ்சம் தட்டி விட்டான், ரெண்டாம் மஞ்சள், வெளிய போ. அவன்ர காலில உதைச்சவனுக்கு ஒண்டும் இல்லை. பிறகு மான்செஸ்டர் சிற்றியோட துரோசார்ட். பந்தை அடிச்சு விட்டானாம். பாதி நேரத்துக்கு முதலே 10 பேர்
சித்தப்பா லண்டன்: அந்த மட்சை மறப்பனே நான். ரெண்டாம் பாதி முழுக்க 10 பேரும் எங்கட பெட்டிக்குள்ளதான். 98ஆவது நிமிசம் வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்கள். 98! பிறகு ஸ்டோன்ஸ் வந்து தட்டினான். வேலைக்குப் போகாமல் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தனான்
அம்மா: பொய் சொல்லி லீவு எடுத்ததைக் குழுவில போடாதேங்கோ, இதுக்குள்ள பிள்ளையளும் நிக்குது
நான்: சித்தப்பா கோவிக்காதேங்கோ, ஆனா அந்த 6இல வோல்வ்ஸோட லூயிஸ்-ஸ்கெல்லிக்குக் குடுத்த காட்டைப் பிறகு திருப்பி எடுத்தவங்கள். அந்த மட்சையும் 1-0 வெண்டனாங்கள்
சித்தப்பா லண்டன்: மற்ற அஞ்சு?
நான்: மற்ற அஞ்சும் கிடக்கட்டும். நான் இண்டைக்குப் பின்னேரம் கடையில சும்மா இருக்கேக்க கொப்பியில எழுதிப் பாத்தனான். நாங்கள் தோத்தது 4. போர்ன்மத் ரெண்டு தரம், நியூகாசில், வெஸ்ட் ஹாம். லிவர்பூல் எத்தினை தோத்தது தெரியுமே? அதுவும் 4தான்
மச்சான்: ஓம்
நான்: அப்ப வித்தியாசம் தோல்வியில இல்லை. ட்ரோவில. அவை 9, நாங்கள் 14. பிரைட்டன் ரெண்டு தரம், எவர்ட்டன் ரெண்டு தரம், ஃபுல்ஹாம், பிரெண்ட்ஃபோர்ட், ஃபொரஸ்ட், பலஸ்... ரெஃபரி வந்து இதெல்லாத்தையும் ட்ரோ ஆக்கேல்லை. அதுக்குள்ள 6 மட்சை வெண்டிருந்தா 86. கப் எங்கட
நான்: இன்னுமொண்டு. போன வருசம் 89 எடுத்து ரெண்டாவதா வந்தனாங்கள், சிற்றி 91. அந்த 89ஐ இந்த வருசம் எடுத்திருந்தா லிவர்பூலை 5 புள்ளியால விட்டிருப்பம். நல்லா ஓடின வருசம் சிற்றி இன்னும் நல்லா ஓடினது. சிற்றி விழுந்த வருசம் நாங்களும் சேர்ந்து விழுந்திட்டம். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை
மச்சான்: கொப்பியில எழுதினா கப் வராது மச்சான்
நான்: நீ பொத்து

இரவு 10:46
அப்பா: ஆர் வெண்டது
நான்: ஆர்சனல் 2-1 அப்பா. கொட்டிலிலயோ நிக்கிறியள்?
அப்பா: ஓம். ரெண்டு யானை நிக்குது போல, அந்தப் பக்கம் பனை முறியிற சத்தம். இன்னும் வயலுக்குள்ள வரேல்லை
அம்மா: பெரிய ரோச்சை இங்க விட்டிட்டுப் போட்டியள்
அப்பா: வெடி இருக்கு. பயமில்லை
சித்தப்பா லண்டன்: அண்ணை கவனம்
அப்பா: நீ சொல்லு, ஏன் இந்த முறையும் விட்டவங்கள்?
சித்தப்பா லண்டன்: ரெஃபரி
நான்: ஸ்ரைக்கர் இல்லை அப்பா. ஜனவரி நடுவில மான்செஸ்டர் யுனைட்டட்டோட ஜேசுஸின்ர முழங்கால் போச்சு. ஆள் வாங்கிற காலம் பெப்ரவரி தொடக்கம் வரைக்கும் திறந்து கிடந்தது. வாங்கேல்லை. அது பூட்டி ஒரு கிழமைதான், துபாயில பயிற்சிக்குப் போன இடத்தில ஹாவர்ட்ஸின்ர தொடைத் தசையும் அறுந்தது. சாகா டிசம்பரில இருந்தே இல்லை. கடைசியில மெரினோவை முன்னுக்கு விட்டவங்கள், அவன் நடுவில நிண்டு விளையாடுறவன்
அப்பா: குளம் வத்தினாப் பிறகு வாய்க்கால் துப்பரவாக்கின கதை
மச்சான்: மாமா சரியாச் சொன்னியள்
நான்: ஆனா மெரினோவில குறை சொல்ல ஏலாது. லெஸ்டரோட மாத்தாளா வந்து ரெண்டு கோல், 2-0. லீக்கில 7 அடிச்சவன். எல்லாரிலும் கூட அடிச்ச ஹாவர்ட்ஸே 9தான் அப்பா! சாலா ஒருத்தன் 29. போன வருசம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து 91 அடிச்சது, இந்த வருசம் 69
அப்பா: நான் பின்னுக்கு நிண்டு விளையாடினவன். முன்னுக்குப் பந்தை வைச்சிருக்க ஒருத்தன் இல்லையெண்டா என்ன நடக்கும் எண்டு பின்னுக்கு நிண்டவனைக் கேள். அடிச்சு விட்ட பந்து அப்பிடியே திரும்பி வரும். திரும்பத் திரும்ப வரும். ஒரு நேரம் கால் ஓயும், அப்பதான் கோல் விழும். உங்கட கறுத்தப் பெடியன், உயர்ந்தவன், பேர் என்ன
நான்: சலிபா
அப்பா: அவன் களைக்கிறதில்லை. அது வேற சாமான்

இரவு 10:55
சித்தப்பா லண்டன்: அண்ணை சம்பியன்ஸ் லீக்கில றியல் மட்ரிட் மட்ச் பாத்தனியளே
அப்பா: பாக்காமல்? சின்னவன் கொட்டிலுக்குப் போனைக் கொண்டு வந்தவன். பன்னிரண்டரைக்குத் தொடங்கினது
நான்: சித்தப்பா, அந்த இரவை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். அப்பாவும் நானும் ஒரு போர்வைக்குள்ள, போனைத் தண்ணிப் போத்தலில சாத்தி வைச்சுப் பாத்தது. ரைஸ் முதலாவது ஃப்ரீ கிக் அடிக்கேக்க அப்பா சொன்னார், உவன் உள்ளுக்குத் தூக்கிக் குடுக்கப் போறான் எண்டு. பந்து மதிலைச் சுத்திக்கொண்டு போய் உள்ளுக்கு. நாங்கள் கத்தின கத்தில பக்கத்து வயல்காரர் யானை வந்திட்டுதெண்டு வெடி கொளுத்திப் போட்டார்
அம்மா: அது உங்கட சத்தமோ?? நான் கும்பிட்டுக்கொண்டெல்லோ முழிச்சிருந்தனான்
நான்: 12 நிமிசத்தில ரெண்டாவது. அதைவிடத் திறம், மேல் மூலை. அதுக்கு முதல் அவன் ஒரு மட்சிலயும் ஃப்ரீ கிக்கில நேர கோல் அடிச்சதில்லை. ஃப்ரீ கிக்குக்குப் பேர் போன ரொபேர்ட்டோ கார்லோஸ் மேல இருந்து பாத்துக்கொண்டிருந்தவர்
சித்தப்பா லண்டன்: 3-0. பிறகு அங்க போயும் 2-1. சாகா பெனால்டியைக் கோட்டை விட்டும் வெண்டது
மச்சான்: பிறகு பரிஸ்
சித்தப்பா லண்டன்: அந்தப் பேரை எடுக்காத
மச்சான்: இங்க 0-1, அங்க 1-2. சனிக்கிழமை மியூனிக்கில இறுதி மட்ச். பரிஸும் இன்டரும். மாமா நீங்கள் ஆர் பக்கம்?
சித்தப்பா லண்டன்: படுத்திடுவன்
நான்: டொனருமா எண்டு ஒருத்தன் கோலுக்குள்ள நிக்காட்டி அங்க கதை வேற. ஆனா சாகாவும் கடைசியில வெறும் கோலுக்கு மேலால அடிச்சான். அதுக்கு டொனருமா என்ன செய்யிறது

இரவு 11:04
மச்சான்: சரி ஒரு கேள்வி. நியூகாசில் 70 வருசத்துக்குப் பிறகு உள்நாட்டுக் கப் எடுத்தது. பலஸ் எஃப்ஏ கப் எடுத்தது. லீக்கில 17ஆவதா வந்த ஸ்பர்ஸ் புதன்கிழமை யூரோப்பா கப் எடுத்தது. பதினேழு! 3 வருசமா ரெண்டாவதா வாற ஒரு ரீம் இருக்கு. அது என்ன எடுத்தது?
சித்தப்பா லண்டன்: ஸ்பர்ஸ் எடுத்ததுதான் எனக்கு நெஞ்சுக்குள்ள குத்துது. கடைக்குச் சாமான் வாங்க வாறவனெல்லாம் இப்ப ஸ்பர்ஸ் சட்டை
சித்தப்பா லண்டன்: 2020க்குப் பிறகு பெரிய கப் ஒண்டும் இல்லை. இந்த வருசமும் ஆர்சனலுக்கு ஒரு கப்பும் இல்லை. எழுதி வைச்ச விதி
தங்கச்சி: இருக்கு
மச்சான்: என்ன இருக்கு
தங்கச்சி: நேற்று இரவு. லிஸ்பன். பார்சலோனாவோட 1-0. ஐரோப்பாக் கப்
மச்சான்: அட ஓம்
சித்தப்பா லண்டன்: அது பெண்களெல்லோ பிள்ளை
தங்கச்சி: ஓம் சித்தப்பா. சட்டை நெஞ்சில அதே ஆர்சனல் பீரங்கிதான் கிடக்கு
தங்கச்சி: நேற்று 11:40க்குக் கப் தூக்குற படம் குழுவில போட்டனான். மேல ஏறிப் பாருங்கோ. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மாமி மட்டும் ஒரு கும்பிடு போட்டவா
மாமி வவுனியா: கோயில் கலசம் எண்டு நினைச்சன் குஞ்சு
நான்: நான் பாக்கேல்லை, உண்மையா. நேற்று வேளைக்குப் படுத்திட்டன்
தங்கச்சி: சின்னண்ணா நீ ஒன்பதரைக்குப் படுத்தனீ. நான் அடுப்படியில இருந்து சத்தத்தைக் குறைச்சுப் போட்டுத் தனியப் பாத்தனான்
தங்கச்சி: இவ்வளவு நேரமும் நீங்கள் ஸ்ரைக்கர் இல்லை, ரெஃபரி சரியில்லை எண்டு கதைக்கிறதை வாசிச்சுக்கொண்டிருக்கிறன். அவையின்ர கதை தெரியுமே? செப்ரெம்பரில தகுதிச் சுற்றில இருந்து விளையாடித்தான் உள்ளுக்கே வந்தவை. ஒக்ரோபரில பயர்னிட்ட 5-2 தோத்து, கோச்சர் விட்டிட்டுப் போட்டார். உதவியா நிண்ட ஸ்லெகர்ஸைத் தற்காலிகமாப் போட்டவை, ஜனவரியிலதான் நிரந்தரமாக்கினது. பிறகு றியல் மட்ரிட்டிட்ட அங்க போய் 2-0 தோத்து, இங்க 3-0 வெண்டவை. லியோனிட்ட இங்க 2-1 தோத்து, அங்க போய் 4-1. பார்சலோனா தொடர்ந்து ரெண்டு வருசம் கப் எடுத்த ரீம். 67ஆவது நிமிசம் ரெண்டு பேரை ஒண்டா இறக்கினா ஸ்லெகர்ஸ், மீட், பிளாக்ஸ்டெனியஸ். 74இல மீட் தட்டிக் குடுக்க பிளாக்ஸ்டெனியஸ் அடிச்சா. மாத்தாள் குடுத்து மாத்தாள் அடிச்சது
தங்கச்சி: கடைசியா 2007இல எடுத்தது. இங்கிலாந்தில வேற ஒரு கிளப்பும் இதை எடுத்ததில்லை. லிவர்பூலும் இல்லை அத்தான்
மச்சான்: நான் ஒண்டும் சொல்லேல்லையே

இரவு 11:13
சித்தப்பா லண்டன்: மகள், நான் இந்த ஊரில இருந்துகொண்டு நேற்று அந்த மட்ச் நடக்குதெண்டே யோசிக்கேல்லை. கடையில ரிவி மேலதான் தொங்குது. வெக்கமாக் கிடக்கு
தங்கச்சி: அடுத்த முறை வரேக்க சட்டை கொண்டு வாங்கோ. ஆம்பிளையளின்ர இல்லை. மக்கேபின்ர
சித்தப்பா லண்டன்: ஆர் அது
தங்கச்சி: இடது பெக். நான் பள்ளிக்கூடத்தில நிக்கிற இடம்
நான்: உங்களுக்குக் கிரவுண்ட் தாறவங்களோ இப்ப?
தங்கச்சி: பெடியள் முடிச்சாப் பிறகு. அரை மணித்தியாலம், இருட்டுப்படும் வரைக்கும்
அப்பா: பிள்ளை
தங்கச்சி: ஓம் அப்பா
அப்பா: அந்தக் கோலை அனுப்பு
தங்கச்சி: (காணொளி 1:52)
அம்மா: நாளைக்குப் பள்ளிக்கூடம். எல்லாரும் போனை வையுங்கோ. பதினொண்டேகால்
மாமி வவுனியா: பொங்கலுக்கு ஆர் வாறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை

இரவு 11:39
அப்பா: இங்க சுத்திக்கொண்டே நிக்குது. குளக்கட்டுக்கு ஏறிப் பாக்கிறன்
அம்மா: உந்த இருட்டில யானைக்குள்ள குளக்கட்டுக்குப் போகாதேங்கோ!!
அம்மா: கேக்குதே
அம்மா: ஏனப்பா பதில் இல்லை

இரவு 12:21
அப்பா: பாத்தாச்சு. 4 தரம். யானை அங்கால திரும்பீட்டுது
அப்பா: கோல் நல்லது. அதைவிட அந்த இடது பெக் பிள்ளை கடைசி 10 நிமிசம் ஓடினதையும் ஆரும் வெட்டிப் போட்டிருந்தா எடுத்து அனுப்பு. நானும் அந்தப் பக்கம்தான் நிண்டனான்

காலை 5:48
தங்கச்சி: தேடித் தாறன். டேற்றா முடிஞ்சுது அப்பா, வரேக்க கடையில போட்டுக்கொண்டு வாங்கோ